நெக்குக்குச் சுருதி தெரியாது, இழுவைதான் தெரியும்

பாடகரின் குரலுக்கு எட்டவில்லை என்று பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளையும் இரண்டு செமிடோன், அதாவது இரண்டு அரைச்சுரம், இறக்குகிறோம். இ கம்பி டி ஆகிறது, ஏ ஜி ஆகிறது, டி சி ஆகிறது, ஜி எஃப் ஆகிறது. ட்யூனர் எல்லாம் சரி என்கிறது. வாசிக்க ஆரம்பித்தால், கருவியின் கழுத்தான நெக்கில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளில் முதல் நான்கைந்தில் கம்பி உரசிக் கரகரக்கிறது. நேற்று வரை சுத்தமாக ஒலித்த அதே இடங்கள்தான். கருவி கெட்டுவிட்டதோ என்று பயம் வரும். கெடவில்லை. நெக்கை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேர் யார் என்று புரிந்துகொண்டால், ட்யூனிங் மாற்றம் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவர் கம்பிகள். இன்னொருவர் நெக்கின் உள்ளே மறைந்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி.

வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாணை இறுக்கினால் வில் வளையும், தளர்த்தினால் நிமிரும். பேஸின் நெக்கும் அப்படித்தான். சாதாரண 45-65-85-105 செட்டை (எண்கள் கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான இ-ஏ-டி-ஜி சுருதியில் ஏற்றினால், நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கைச் சுமார் 80 கிலோ விசையில் இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆள் அதில் தொங்குவதற்குச் சமம். இந்த இழுவையில் தலைப்பகுதி வாசிப்பவரின் வயிற்றுப்பக்கம் போகாமல் கம்பிகள் இருக்கும் முன்பக்கமாக வளையப் பார்க்கும். மரம் மட்டும் இதைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நேராக நிற்காது. அதனால்தான் 1920-களில் கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹியூ, நெக்குக்குள் இறுக்கித் தளர்த்தக்கூடிய ஒரு கம்பியை வைக்கும் வழியைக் கொண்டுவந்தார். அது நெக்கை எதிர்ப்பக்கமாக, அதாவது பின்பக்கமாக, தள்ளுகிறது. உங்கள் பேஸ் இப்போது சுவரில் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தாலும் உள்ளே இந்தக் கயிறு இழுக்கும் போட்டி ஓயாமல் நடக்கிறது.

இப்போது சுருதிக்கு வருவோம். கம்பியின் இழுவையை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: கம்பியின் எடை, தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டிலிருந்து உடல்பக்கம் அது தங்கும் பிரிட்ஜ் வரை உள்ள நீளம், நீங்கள் வைக்கும் சுருதி. இதில் சுருதியின் கணக்கு கொஞ்சம் கடுமையானது. இழுவை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் சுருதியில் சிறியதாகத் தெரியும் மாற்றம் இழுவையில் பெரியதாக இருக்கும்.

ஒரு செமிடோன் என்பது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம். அந்த ஒன்றை இறக்கினாலே இழுவை சுமார் 11 சதவீதம் போய்விடும். இரண்டு இறக்கினால் 21 சதவீதம். மூன்று என்றால் 29. அதே கம்பிகளை வைத்துக்கொண்டு இ-ஏ-டி-ஜியை ஐந்து செமிடோன் இறக்கி பி-இ-ஏ-டி ஆக்கினால் 44 சதவீதம், அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நிலையில் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடும். எதிர்த்திசையிலும் இதே கணக்குத்தான். ஒரு செமிடோன் ஏற்றினால் இழுவை 12 சதவீதம் கூடும்.

முதலில் சொன்ன பாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 80 கிலோவில் 21 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 16, 17 கிலோ. கம்பிகள் அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கின்றன. ட்ரஸ் ராட் விட்டுக்கொடுக்கவில்லை, பழைய பலத்திலேயே பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. நெக் நிமிர்கிறது. சில சமயம் நேர்கோட்டையும் தாண்டிப் பின்பக்கமாகவே வளைந்துவிடுகிறது.

நெக் நேராக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அதிரும் கம்பியைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் அகன்று இருக்கும். அந்த அகலத்துக்கு இடம் வேண்டும். அதற்காகவே நெக்கில் மிக மெல்லிய ஒரு முன்வளைவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். அதற்குப் பெயர் ரிலீஃப். நெக் நிமிர்ந்தால் இந்த இடம் காணாமல் போகிறது. போதாதற்கு, தளர்ந்த கம்பி முன்பைவிட அகலமாக ஆடுகிறது. ஒரு பக்கம் இடம் சுருங்குகிறது, மறுபக்கம் ஆட்டம் பெருகுகிறது. கரகரப்பு வராமல் எப்படி இருக்கும்?

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். கரகரக்கிறதா, கம்பியை உயர்த்து என்று பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களைத் தூக்கினேன். கரகரப்பு அப்படியே இருந்தது. இன்னும் தூக்கினேன். மேல் ஃப்ரெட்களில் வாசிக்கவே முடியாத உயரத்துக்குக் கம்பி போன பிறகும் இரண்டாவது ஃப்ரெட் கரகரத்துக்கொண்டே இருந்தது. காரணம் சாதாரண வடிவியல்தான். சேடிலை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், கம்பியின் நடுவான 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் உயரும். முதல் ஃப்ரெட்டில் உயர்வது 0.06 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் கனம். நட்டுக்கு அருகில் இருக்கும் சிக்கலை மறுமுனையில் இருந்து தீர்க்க முடியாது.

அதனால் கரகரப்பு எங்கே வருகிறது என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்களுக்குள் வந்தால் சந்தேகம் நெக்கின் வளைவு மேல். 12-க்கு மேலே மட்டும் வந்தால் சேடில் தாழ்வாக இருக்கலாம். எங்கும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் வந்தால், நட்டின் பள்ளமோ பின்வளைவோ காரணமாக இருக்கும். இது முழுமையான நோயறிதல் இல்லை, ஆனால் எந்தத் திருகைத் தொடக்கூடாது என்பதையாவது சொல்லிவிடும்.

ரிலீஃபைப் பார்ப்பது எப்படி

இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் வேறு எது?

நீங்கள் வாசிக்கப்போகும் சுருதியிலேயே பேஸைச் சரியாகக் கட்டுங்கள். பழைய சுருதியில் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை. கருவியை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வையுங்கள். மேசையில் படுக்க வைத்தால் தலைப்பகுதியின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றும். இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியால் பிடியுங்கள். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் அதே கம்பியை ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடையில் ஒரு சிறிய வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குச் சொல்லும் அளவு, ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவைப் பொறுத்து 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. சாதாரண விசிட்டிங் கார்டின் கனம் ஏறக்குறைய இதே அளவுதான். கார்டு கம்பியைத் தூக்காமல், லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்து, தட்டினால் டிக் என்ற சத்தமே வராவிட்டால், நெக் முழு நேராகவோ பின்வளைந்தோ இருக்கிறது. சுருதி இறக்கிய பிறகு இதுதான் வழக்கமாகத் தெரியும். அப்போது ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். சுருதியை ஏற்றியிருந்தாலோ கனமான கம்பி போட்டிருந்தாலோ இடைவெளி பெரிதாக, அரை மில்லிமீட்டருக்கும் மேலாக இருக்கும். நெக்கின் நடுப்பகுதியில் கம்பியை அழுத்தவே விரல் வலிக்கும். அப்போது இறுக்க வேண்டும்.

ராடின் முனையில் இருக்கும் திருகைப் பார்த்தபடி வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுற்றியதும் சுருதியை மறுபடி சரிபார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் ராடைத் தொட்டாலே எல்லாக் கம்பிகளும் நகர்ந்திருக்கும். பெரும்பாலான மாற்றம் உடனே தெரிந்துவிடும். மிச்சம் அடுத்த நாள் வரை மெதுவாக வரும், மரம் அவசரப்படாது. அதனால் மாலை கால் சுற்று, மறுநாள் காலையில் ஒரு பார்வை என்று போவதே என் பழக்கம்.

ராடைத் திருப்பும் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. சில பேஸ்களுக்கு மில்லிமீட்டர் அளவு ஆலன் கீ, சிலவற்றுக்கு அங்குல அளவு. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அதற்கும் 5 மி.மீ. சாவிக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 5 மி.மீ. துளையில் 3/16 சாவியைப் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் முனைகள் மழுங்கிவிடும். பிறகு அந்த ராடைத் திருப்ப ஒரு பெரிய வேலையே செய்ய வேண்டியிருக்கும். சாவி ஆட்டமில்லாமல் கச்சிதமாக உட்காராவிட்டால் திருகாதீர்கள். திருகு நகர மறுத்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தைக் காட்டும் இடம் இது இல்லை.

முழுக்கத் தளர்த்திய பிறகும் பின்வளைவு போகவில்லை என்றால்? பழைய வகை ராட் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். தளர்த்துவதற்கு மேல் அதால் செய்ய ஒன்றும் இல்லை. இருபக்கமும் தள்ளக்கூடிய ராட் இருந்தால் இன்னும் இடப்பக்கம் சுற்றி முன்வளைவைக் கொண்டுவரலாம். ஒரு பக்க ராட் என்றால் இழுவையைத்தான் கூட்டியாக வேண்டும். அதாவது கனமான கம்பி.

கம்பியை மாற்றினால் கதையே மாறும்

தலைப்பில் சொன்னது இங்கேதான் முழுதாக விளங்கும். நெக்குக்கு நீங்கள் டி வாசிக்கிறீர்களா பி வாசிக்கிறீர்களா என்று தெரியாது. எத்தனை கிலோ இழுக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். சுருதியை இறக்கிவிட்டு அதே அளவுக்குக் கம்பியின் எடையைக் கூட்டினால் நெக் எதையும் உணராது.

எவ்வளவு கூட்ட வேண்டும்? இரண்டு செமிடோன் இறக்கத்தை ஈடுகட்ட, கம்பியின் விட்டம் சுமார் 12 சதவீதம் பெருக்க வேண்டும். 105-க்குப் பதில் 118, 45-க்குப் பதில் 50 என்று கணக்கு வரும். கிடைக்கும் செட்களில் அதற்கு நெருக்கமானதை எடுத்தால் போதும், சரியாக அதே எண் வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். ஒரு செமிடோன் மட்டும் என்றால் 6 சதவீதம், 105-க்கு 110 பக்கம் போதும்.

பி-இ-ஏ-டி இதற்கு மிக அழகான உதாரணம். கேட்க எவ்வளவு தாழ்வான சுருதி! ஆனால் ஐந்து கம்பி பேஸுக்கான செட்டை வாங்கி, ஜி கம்பியை விட்டுவிட்டு, 130, 105, 85, 65 ஆகிய நான்கையும் நான்கு கம்பி பேஸில் ஏற்றினால் மொத்த இழுவை பழைய 80 கிலோவிலிருந்து அதிகம் விலகாது. இ, ஏ, டி மூன்றும் அவற்றின் சொந்தச் சுருதியிலேயேதான் இருக்கின்றன, பக்கத்து இடத்துக்கு நகர்ந்திருக்கின்றன. ட்ரஸ் ராடில் சின்னத் திருத்தம் போதும், சில பேஸ்களில் அதுவும் வேண்டியிருக்காது.

சிக்கல் வேறொரு இடத்தில் வரும், அது நட். உங்கள் நட்டின் இ பள்ளம் 105 கம்பிக்காக, அதாவது சுமார் 2.7 மில்லிமீட்டர் அகலத்துக்காக, வெட்டப்பட்டது. இப்போது அங்கே வருவது 3.3 மில்லிமீட்டர் கம்பி. அது பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பில் ஏறி உட்காரும். முதல் மூன்று ஃப்ரெட்களில் அழுத்துவது கல்லை அழுத்துவது போல் இருக்கும், சுருதியும் கூடும். பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். சரியான அகலமுள்ள நட் அரம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அராவிய பொருள் திரும்ப வராது. அகலமான பள்ளத்தில் பிறகு மெல்லிய கம்பியைப் போட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே நட்டைத் தொடுவதற்கு முன்பு, இந்தப் பேஸ் இனி இந்தச் சுருதிக்குத்தானா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். ஏதாவது ஒரு வேலையை மட்டும் கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுப்பது என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

நீளமும் இழுவையில் பங்கு வகிக்கிறது என்று முன்பே சொன்னேன். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரெசிஷன் பேஸிலிருந்து 34 அங்குல நீளம் (ஸ்கேல்) தான் பொது வழக்கம். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸில் அதே கம்பி அதே சுருதியில் 22 சதவீதம் குறைவாக இழுக்கும். அதாவது ஷார்ட் ஸ்கேல் பேஸ், சுருதி இறக்காமலேயே இரண்டு செமிடோன் இறக்கிய தளர்ச்சியோடுதான் இருக்கிறது. அதை மேலும் இறக்க நினைப்பவர்கள் கம்பியை நன்றாக யோசித்து வாங்க வேண்டும்.

டிராப் டி மட்டும் என்றால்

இ கம்பியை மட்டும் டிக்கு இறக்கும் டிராப் டி பற்றித்தான் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். அந்த ஒரு கம்பியின் சுமார் 18 கிலோவில் நான்கு கிலோவுக்குள்தான் குறைகிறது, மொத்தத்தில் 5 சதவீதம்கூட இல்லை. ஒரு பாட்டுக்கு இறக்கி மறுபடி ஏற்றுவதால் நெக்குக்கு எந்தக் கெடுதலும் வராது. சிறிய நெம்பைத் தட்டினால் இ கம்பி டிக்கு இறங்கும்படி செய்யும் ட்யூனிங் கீகளே கிடைக்கின்றன.

ஆனால் ஒன்றைச் செய்து பாருங்கள். எல்லாக் கம்பிகளையும் மிகச் சரியாகக் கட்டிவிட்டு, இ கம்பியை டிக்கு இறக்குங்கள். அப்புறம் ஜி கம்பியை ட்யூனரில் பாருங்கள். நீங்கள் அதைத் தொடவே இல்லை, ஆனாலும் முள் இம்மியளவு மேலே நிற்கும். இ விட்டுக்கொடுத்ததும் நெக் கொஞ்சம் நிமிர்ந்தது, நிமிர்ந்த நெக் மற்ற கம்பிகளை இழுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவை ட்யூனர் முள்ளில் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. சுருதி மாற்றினால் எல்லாக் கம்பிகளையும் இரண்டு சுற்று சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த அசைவு கூடாது என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதிகளை மாற்றும் மைக்கேல் மான்ரிங், ஸான் நிறுவனத்தின் ஹைப்பர்பேஸைப் பயன்படுத்துகிறார். அதன் நெக் மரம் இல்லை, கார்பன் இழைக் கலவை. இழுவை கூடினாலும் குறைந்தாலும் அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. மர நெக்கோடு அந்த விளையாட்டு நடக்காது.

நெக்குக்குப் பிறகு

ரிலீஃப் சரியான பிறகுதான் சேடில் உயரம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பி 2 முதல் 2.8 மி.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதி. தளர்வான சுருதியில் பலமாக மீட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். கையை லேசாக்கிக்கொண்டு ஆம்பில் சத்தத்தைக் கூட்டுவதும் ஒரு தீர்வுதான், என் அனுபவத்தில் ஒலியும் அப்போது நன்றாக இருக்கிறது.

அடுத்தது இன்டோனேஷன். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிப்பதும், அதே இடத்தில் விரலால் தொட்டு எடுக்கும் ஹார்மானிக்கும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். சுருதி இறக்கியதும் அழுத்திய ஸ்வரம் கூடுதலாக நிற்கும். கம்பியை ஃப்ரெட் வரை அழுத்தும்போது அது சிறிது நீள்கிறது, கொஞ்சம் கூடுதல் இழுவை பிறக்கிறது. இறுக்கமான கம்பிக்கு அந்தக் கூடுதல் பெரிதில்லை. தளர்ந்த கம்பியில் மொத்த இழுவையே குறைவு என்பதால், அதே கூடுதல் பெரிய பங்காகிவிடுகிறது. அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சேடிலை நெக்கிலிருந்து விலகிப் பின்னால் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் நெக் பக்கம் முன்னால் கொண்டுவாருங்கள். கனமான கம்பிக்கும் வழக்கமாகப் பின்னால்தான் போக வேண்டியிருக்கும். சில பிரிட்ஜ்களில் தடித்த பி கம்பிக்குப் போதுமான இடமே இருக்காது.

கடைசியில், கம்பியின் அதிர்வை எடுக்கும் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். தளர்ந்த கம்பி அகலமாக ஆடுவதால் பிக்கப்பில் தட்டலாம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பலமாக மீட்டிப் பாருங்கள். தட்டினால் பிக்கப்பை ஒரு சுற்று இறக்குங்கள்.

இந்த வரிசையைக் கலைத்துச் செய்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய நேரும். நெக் நகர்ந்தால் கம்பியின் உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டோனேஷன் மாறும். அதனால் ஒரு பேஸை ஒரு சுருதிக்கு என்று செட்டப் செய்து வைப்பதே நல்லது. இரண்டு சுருதிகளில் தொடர்ந்து வாசிப்பவர் என்றால், அதிகம் வாசிக்கும் சுருதிக்குச் செட்டப் செய்துவிட்டு மற்றதில் சிறு குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிந்தால் இரண்டாவது பேஸ் வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை ட்ரஸ் ராடை முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டுத் தாளில் சுருதி, கம்பி அளவுகள், ரிலீஃப், 17-ஆவது ஃப்ரெட் உயரம், ராடை எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எழுதி கேஸுக்குள் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி நெக் மறுபடி நகரும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியும்.